மிச்சமிருக்கும் ஆறாவது ரவுண்ட்

கண்டியில் ஒரு காலத்தில் சட்டை போட்டு நடமாடிய ஆண்களில் பாதிப்பேர், தங்களுக்கே தெரியாமல், பிடரிக்குப் பின்னால் ஒரு தீர்ப்பைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள். தீர்ப்பு எழுதியவர் நீதிவான் அல்லர். கொழும்பு வீதியிலிருந்து கீழிறங்கும் ஒரு சந்தில், கூரைத் தகரம் வெயிலுக்கு முனகும் ஒரு லோண்டரியில், சிரட்டைக்கரி அயன்பெட்டியோடு நின்றவர். குத்துச்சண்டைக்காரர்கள், கராட்டிக்காரர்கள், மல்யுத்தக்காரர்கள், இன்னும் கையை முஷ்டியாக மடக்கத் தெரிந்த சகல ஜீவராசிகளுக்கும் கடைசி நீதிமன்றம் அந்தச் சந்துக்குள்தான் இருந்தது. அப்பீல் கிடையாது.

அவரை எல்லாரும் நொக்கவுட் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று எங்காவது கடதாசியில் இருந்திருக்கும்; அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். மெலிந்த ஆள், நீளக் கழுத்து. வலது கை மட்டும் இடது கையைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. இருபது வருடம் கரிப்பெட்டி தூக்கிய கை. நாக்கு எப்போதும் ஊதா நிறம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு சட்டைக்கு மூன்று ரவுண்ட். முதல் ரவுண்டில் முதுகு, இரண்டாவதில் கைகள், மூன்றாவதில் காலர். மேசை விளிம்பில் பூட்டியிருந்த சைக்கிள் மணியை ரவுண்ட் தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை பெருவிரலால் தட்டுவார். நடுவில் ஒரு நிமிட ஓய்வு. கதிரையில் உட்கார்ந்து, துவாயால் முகம் துடைத்து, வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். மணி அடித்ததும் எழுந்து அந்தத் தண்ணீரைத்தான் சட்டையின்மேல் பூவாக விசிறுவார்.

ஒருநாள் ஒரு மாப்பிள்ளை, வேட்டியும் பனியனுமாக வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கோயிலில் நேரம் போகிறதாம். ஓய்வு நிமிடத்தில் இருந்த நொக்கவுட் கண்ணைத் திறக்கவில்லை. வாயில் தண்ணீர் இருந்ததால் பேசவும் இல்லை. விரலால் கதிரையைக் காட்டினார். மணி அடித்து, தண்ணீரை விசிறிய பிறகுதான் வாய் திறந்தது.

"முகூர்த்தம் எங்கேயும் ஓடிறாதுங்க மாப்ள. காலர் ரவுண்டுல அவசரப்பட்டா வாழ்க்க பூரா கழுத்துல குத்தும்."

நான் நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக் கந்தோர் ஒன்றுக்கு கிளாக்கராக வந்த புதிது. இருபத்திரண்டு வயது. உலகம் என்னைக் கேட்டுத்தான் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. ஒருநாள் சட்டையைப் போடும்போது காலரின் உட்பக்கத்தில் ஊதா நிறத்தில் ஓர் இலக்கம் கண்டேன். 2. நாக்கில் தொட்டு எழுதினால் துணியைவிட்டுப் போகாத அந்தப் பென்சில் எழுத்து. அவருடைய நாக்கின் நிறம் அன்றுதான் விளங்கியது. மற்ற லோண்டரிகளில் ஆளுக்கு ஓர் அடையாளம் போடுவார்கள். இதையும் அப்படி என்று நினைத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"அது உங்க ரவுண்டு தம்பி."

"என்ன ரவுண்ட்?"

"ரிங்குல ஏறுனா நீங்க எத்தன ரவுண்டு நிப்பீங்கங்கிறது."

"ரெண்டுதானா?"

"மொதல்ல ஒன்னுதான் நெனச்சேன். நாவலப்பிட்டின்னு சொன்னீங்க. அந்த மழையில வளந்த ஒடம்பாச்சேன்னு ஒன்னு கூட்டிப் போட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு ரவுண்டுக்காரன் கோபம், அதனால் சீக்கிரமே போய்விட்டது. "எப்பக் கூட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு அடி வாங்குங்க, கூட்டுறேன்."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயாவது. இன்னம் ஒரு அடியும் படாத மூஞ்சி தம்பி உங்களது. கடையில தொங்குற சட்ட மாதிரி இருக்கு. ஒருக்கா கசங்கி எந்திரிச்சாத்தான் துணி நல்லதா கெட்டதான்னு தெரியும்."

இப்படித்தான் ஊர் முழுவதையும் அளந்து வைத்திருந்தார். வங்கி ஐயாவுக்கு, ஊர் வழக்கில் வங்கி மாத்தயாவுக்கு, நான்கு. மார்க்கட் இறைச்சிக்கடைக்காரருக்கு மூன்று ("ஆளு பெருசு, மூச்சு சிறிசு"). என் அறைக்குப் பக்கத்து அறையில் இருந்த யாழ்ப்பாணத்துக் கணக்கு மாஸ்டருக்கு ஏழு, பிடிவாதத்துக்காக. பத்து யாருக்கும் கிடையாது. உலகக் குத்துச்சண்டை சாம்பியனான அந்த அமெரிக்காக்காரர் நேரில் வந்து சட்டை கொடுத்தால் மட்டும் போடுவதாக இருந்தார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நகரத்தில் நான்கு ரவுண்டுக்காரர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லார் காலரிலும் ஒரே 4. ஒரு திங்கட்கிழமை வங்கி மாத்தயா, பஸ் கொண்டக்டர் ஒருவரின் சட்டையில் கைகளை முழங்கை வரைக்கும்தான் நுழைக்க முடிந்த நிலையில் கடைக்கு வந்து சத்தம் போட்டார். நொக்கவுட் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு பேரும் நாலு ரவுண்டுதானங்க தாங்குவீங்க. யாரு சட்டய யாரு போட்டா என்னாங்க?"

சண்டைக்காரர்களின் பெயரை அவர் சொல்லமாட்டார். அது அவருடைய சட்டம். "ஆளு இல்லாத எடத்துல பேரச் சொல்லி மோதவிடுறது மரியாத இல்ல" என்பார். ஆகவே எங்கள் சந்துக்குள் உலக சாம்பியன் வெறும் அமெரிக்காக்காரர். சினிமாவில் காற்றைக் கிழித்துக்கொண்டு உதைப்பவர் ஹொங்கொங் தம்பி. சட்டை சுற்றிக் கொடுப்பதற்கு வரும் பழைய பத்திரிகைகளில் அமெரிக்காக்காரரின் படம் வந்த தாள்களை மட்டும் எடுத்து, அயன் பண்ணி, அலுமாரிக்குள் அடுக்கியிருந்தார்.

ஹொங்கொங் தம்பியின் படம் கண்டிக்கு வந்த வருடம் ஊர் இரண்டாகப் பிளந்தது. கதவு திறந்திருந்தாலும் பொடியன்கள் மதிலால் பாய்ந்தார்கள். பஸ்ஸில் டிக்கட் கிழிக்கிறவர் மூக்கைப் பெருவிரலால் தேய்த்துவிட்டுத்தான் மிச்சக்காசு தந்தார். கணக்கு மாஸ்டர் முற்றாக ஹொங்கொங் பக்கம் சாய்ந்துவிட்டார். சனிக்கிழமை வெள்ளைக் காற்சட்டைகளோடு வந்து லோண்டரியில் வழக்கைத் தொடக்கினார்.

"என்ன காணும், உம்மட அமெரிக்காக்காரன் கையை ஓங்க முந்தி எங்கட பெடியன் நாலு உதை குடுத்திடுவான். பௌதிக விதி காணும்: விசை சமன் திணிவு தர ஆர்முடுகல். கணக்குப் பிழைக்காது கண்டீரோ."

"அவரு சட்டயே போடுறதில்லியே மாஸ்டர். சட்ட போடாத ஆளப் பத்தி நான் எப்பிடிங்க தீர்ப்புச் சொல்றது?"

"உம்மட ஆளும்தான் சட்டை போடுறேல்லை!"

"ரிங்குக்கு வரும்போது கவுனு போட்டுக்கிட்டுத்தான வாராரு. இந்தப் போட்டோவப் பாருங்க. ஒரு சுருக்கம் காட்டுங்க பாப்பம். வீட்டுல யாரோ ஒழுங்கா அயன் பண்ணுன கவுனுங்க அது."

மாஸ்டர் ஏழு ரவுண்டுக்காரர். விடவில்லை. கடைசியில் நொக்கவுட் ஞாயிறு பகல் காட்சிக்குப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். திங்கள் முழுவதும் தீர்ப்பை ஒத்திவைத்தார். செவ்வாய்க்கிழமை மணியை அடித்துத் தீர்ப்பைச் சொன்னார்.

"தம்பி வேகந்தான். கண்ணு அவரப் புடிக்க முடியல. ஆனா வாறவன் எல்லாம் அடிவாங்கிட்டுப் போகத்தான் வாரான். அமெரிக்காக்காரரு கயித்துல சாஞ்சுகிட்டு, ரவுண்டு ரவுண்டா வாங்கி, வாங்கி, அடிக்கிறவனையே களைக்க வச்சாரே, அது வேற வேலங்க. மூணு ரவுண்டுக்குள்ள முடிஞ்சா தம்பி. மூணத் தாண்டிருச்சின்னா அமெரிக்காக்காரரு."

"அப்ப நீங்களும் அவரும் மோதினா?" என்று கேட்டேன்.

அவர் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகத்தில் ஒரு வெட்கம் வந்தது, கலியாணப் பேச்செடுத்தால் வரும் வெட்கம். "எனக்கு ஏற்கனவே ஒரு ஆளு இருக்காரு தம்பி" என்றார்.

அந்த ஆள்தான் மடவளை நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். மடவளையில் துணிக்கடை வைத்திருந்தவர். உருண்டையான மனிதர், வெள்ளைத் தொப்பி, பேசும்போது மேலும் கீழும் ஆடும் புருவம். இருவரும் இளைஞர்களாக இருந்தபோது, சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், கண்டிக்கு ஒரு கார்னிவல் வந்தது. மரணக் கிணற்றுக்கும் இரண்டு தலை ஆட்டுக்குட்டிக்கும் நடுவே ஒரு குத்துச்சண்டைக் கூடாரம். நோட்டீசில் போட்டிருந்தது: வத்தேகம இடி, மடவளை மின்னல், ஆறு ரவுண்ட்.

இடியும் மின்னலும் ஒரே மேடையில் ஏறினால் மழை வராமல் என்ன செய்யும்?

ஐந்தாவது ரவுண்ட் முடிந்து இருவரும் மூலைக் கதிரைகளில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கூடாரத் துணியில் தேங்கிய கண்டி மழை முழுவதும் ஒரேயடியாகத் தலைமேல் விழுந்தது. துணியும் விழுந்தது. கம்பங்களும் விழுந்தன. நடுவர்கள் ஓடிவிட்டார்கள். புள்ளிக் கடதாசி கரைந்துவிட்டது. ஈரத் துணிக்கடியில் இருட்டில் தவழ்ந்துகொண்டிருந்த ஒருவரின் கையை மற்றவர் பிடித்து வெளியே இழுத்துவந்தார். யார் யாரை இழுத்தார் என்பதுதான் அதற்குப் பிறகு இருபது வருடத்து வழக்கு.

"நான்தான் ஒங்கள இழுத்த. இல்லாட்டி அன்டெக்கே மூச்சு முட்டி ஜனாஸா."

"கிளவுஸு போட்ட கையால எப்பிடி நானா இழுப்பீங்க? நான் பல்லால கழட்டிட்டு இழுத்தேன்."

கார்னிவல் போய்விட்டது. ஆறாவது ரவுண்ட் நடக்கவேயில்லை. ஆனால் ஒவ்வொரு திங்களும் நானா மடவளையில் பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டையில் இரண்டு லோண்டரிகளைத் தாண்டி, ஆறு சட்டைகளோடு இந்தச் சந்துக்கு வந்தார். அவருடைய காலரில் 5.

"இன்னம் அஞ்சுதானா?"

"அஞ்சு நின்னத கண்ணால பாத்தேன். ஆறாவத யாரு பாத்தா?"

பிறகு கடதாசி வந்தது. இலங்கை, இந்தியா என்ற இரண்டு நாடுகள் மேசையில் உட்கார்ந்து, தோட்டத்து மனிதர்களைப் பங்கு பிரித்த காலம் அது. எங்கள் வீட்டுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக் கடதாசி கிடைத்திருந்தது. அவருக்கு மற்றது. பிறந்தது வத்தேகமயில், வளர்ந்தது கண்டியில். போக வேண்டியது இந்தியாவுக்கு, கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயிலிலும் பிறகு கப்பலிலும். அமெரிக்காக்காரரின் தாய் பெயர் தெரியும், ஹொங்கொங் தம்பியின் கால் நீளம் தெரியும். இந்தியாவில் அவருக்கு ஒரு மனிதரையும் தெரியாது.

கடதாசியை நான்காக மடித்து, வழக்கத்தில் அதன்மேலும் அயன்பெட்டியை ஒருமுறை ஓட்டிவிட்டு, என்னிடம் சொன்னார்: "நானாகூட அந்த ஆறாவது ரவுண்ட முடிக்காம நான் கோச்சி ஏறமாட்டேன் தம்பி. நீங்கதான் டைம்கீப்பரு."

முதல் திங்கள், நானாவுக்கு முழங்கால் வலி. இரண்டாவது திங்கள், "நோம்பு வருகுது, இப்ப ஏலா." மூன்றாவது திங்கள் பெரிய காரணம். "மகள்ட கலியாணம் ஈக்கி. ஒடஞ்ச மூக்கோட சம்பந்திமார்ட முன்னுக்கு எப்பிடி நிக்கிற?"

"மூக்க விட்டுட்டு அடிக்கிறேன் நானா. வயித்துல மட்டும்."

"வயித்துலயா? அப்ப கலியாணச் சாப்பாட்ட எங்க போடுற?"

நான்காவது திங்கள் நானா வரவேயில்லை. சட்டை மூட்டையைக் கொண்டக்டர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். நொக்கவுட் மூட்டையை நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு, ஆறு சட்டையிலும் 5ஐக் கோடு கிழித்து வெட்டி, பக்கத்தில் பெரிதாக 0 போட்டார். நான் தடுத்தேன். "பயந்தவருக்கு வேற என்னா நம்பரு தம்பி?" என்றார். அன்று மாலையே மூட்டை அதே கொண்டக்டர் கையில் மடவளைக்குத் திரும்பிப் போனது.

மறுநாள் நானா அதில் ஒரு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். புருவம் ஆடவில்லை. காலரைத் திருப்பிக் காட்டினார்.

"ஸைபரா?"

நொக்கவுட் குனிந்து அயன்பெட்டிக் கரியை ஊதினார். நானா சட்டையை மெதுவாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் அந்தச் சந்தில் மணி அடிக்கவில்லை. ரவுண்டும் இல்லை, ஓய்வும் இல்லை. அயன்பெட்டி சும்மா போய்ச் சும்மா வந்தது.

கடைசி வாரம் அவர் வாடிக்கையாளர் சட்டை எதையும் எடுக்கவில்லை. தன்னோடு அதே கோச்சியில் போகவிருந்த தோட்டத்துச் சனங்கள் மூட்டை மூட்டையாக உடுப்புக் கொண்டுவந்தார்கள். குழந்தைகளின் கவுன், கிழவர்களின் கோட், வெளுத்துப்போன சேலை. எல்லாவற்றுக்கும் மூன்று ரவுண்ட். "போயி எறங்குறப்ப, கசங்கிப் போன சனம் வந்திருக்குன்னு ஒருத்தனும் சொல்லிறக் கூடாது தம்பி" என்றார். கடைசி நாள் மாலை, முன்பே கொடுத்திருந்த என்னுடைய நான்கு சட்டைகளையும் சுற்றி என் கையில் வைத்தார். பார்த்தேன், சுற்றியிருந்தது அமெரிக்காக்காரரின் படம் வந்த தாள். அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருந்தவற்றில் ஒன்று.

மறுநாள் காலை, கண்டி ஸ்டேசன். அந்த மேடையைப் பற்றி எழுத நான் பல வருடம் முயன்றிருக்கிறேன். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழும் சத்தம், எஞ்சின் சத்தத்துக்கு மேலே எழுந்து, மலைக்கு மலை மோதித் திரும்பி வந்தது. அழுகிற அத்தனை பேரின் உடுப்பிலும் கத்தி மாதிரி மடிப்பு. ஓர் அதிகாரி பட்டியலைப் பார்த்து ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. நான்காவது தடவைதான் நொக்கவுட் திடுக்கிட்டு, "அட, நாந்தாங்க" என்றார். தன் பெயரை அவரே மறந்திருந்தார். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. எழுதமாட்டேன். ஆள் இல்லாத இடத்தில் சொல்வது மரியாதையில்லை.

அவர் ஏறவில்லை. பெட்டிக் கதவுக்குக் கீழே நின்று, மேடைக்கு இறங்கும் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"வரமாட்டாரு தம்பி. நான் போட்ட நம்பருக்கு யாருதான் வருவாங்க?"

அப்போதுதான் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. சனங்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு, மூச்சு முட்ட, மடவளை நானா ஓடிவந்தார். அந்த 0 போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தார்.

ஸ்டேசன் மணி அடித்தது.

நொக்கவுட்டின் உடம்பு தானாகவே விழித்தது. மூட்டையைக் கீழே போட்டார். முஷ்டி இரண்டும் நாடிக்கு வந்தன. "மணி அடிச்சாச்சு நானா, வாங்க! மூணு நிமிசம்! தம்பி, டைமப் பாருங்க!"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நானா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஏலா."

"பயமா?"

"ஓ. பயம்தான்." நானா கையை அவிழ்க்கவில்லை. "இதெ இன்டெக்கி முடிச்சா, திரும்பி வர ஒங்களுக்கு இங்க என்ன வேல ஈக்கி? முடிக்காமலே கெடக்கட்டும். ஆறாவது ரவுண்டு இங்கதான் ஈக்கி. நீங்க வந்து முடிங்க."

நொக்கவுட்டின் முஷ்டிகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. இருபது வருடம் காத்திருந்த கைகள், எங்கே இறங்குவது என்று தெரியாமல். கோச்சி ஒருமுறை குலுங்கியது. அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நாக்கில் தொட்டார். நானாவின் பிடரியைப் பிடித்துத் திருப்பி, காலரை மடித்து, அந்த ஸைபருக்கு முன்னால் நேராக ஒரு கோடு கிழித்தார்.

பத்து.

பிறகு ஓடிப்போய்க் கோச்சியில் தொற்றிக்கொண்டார். வளைவில் மறையும் வரைக்கும் கதவில் நின்றார். ஒரு கை கம்பியில். மற்றக் கை இன்னும் முஷ்டியாக, நாடிக்குப் பக்கத்தில்.

கடிதம் வரவில்லை. எந்த ஊரில் இறக்கினார்கள் என்று தெரியவில்லை. பிறகு நான் கண்டியைவிட்டு ஊர் ஊராக அலைந்தேன். எந்த ஊரின் லோண்டரியைக் கண்டாலும் வாசலில் ஒரு கணம் நின்று மணிச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். எப்போதாவது கண்டிக்குப் போனால் நானாவைக் காண்பேன். முழங்கால் இப்போது உண்மையாகவே வலிக்கிறதாம். ஆனாலும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடை முற்றத்தில் கொஞ்ச நேரம் காற்றில் குத்துகிறார். "ஆள் வந்தா நான் ரெடியா ஈக்கணுமே" என்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய பகலைப் பற்றி. ஸ்டேசனிலிருந்து அறைக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, எதையும் செய்யத் தோன்றாமல், கடைசியாக அந்தச் சட்டைப் பார்சலை அவிழ்த்தேன். மேலே இருந்த சட்டையின் காலரைத் திருப்பினேன். என்னுடைய 2, ஒரு கோட்டால் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் புது ஊதாவில் 3.

ஒரு ரவுண்ட் கூட்டியிருந்தார். மறுநாள் காலை நான் ஓர் அடி வாங்கப் போகிறேன் என்பது முதல்நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சட்டை இப்போது என் உடம்புக்குக் காணாது. இலக்கம் மட்டும் இன்னும் அளவாக இருக்கிறது.